‘ஏன் 5 ரெப்?’: இங்கிலாந்தில் எஸ் அண்ட் சி முதுகலை படித்த அனுபவம்

இங்கிலாந்து மாணவர் விசாவில் ஒரு நிபந்தனை இருக்கிறது. படிக்கும் காலத்தில் தொழில்முறை விளையாட்டு வீரராகவோ விளையாட்டுப் பயிற்சியாளராகவோ வேலை செய்யக் கூடாது. சுயதொழிலும் கூடாது. ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங், சுருக்கமாக எஸ் அண்ட் சி, அதாவது விளையாட்டுக்காரர்களின் வலிமையையும் உடற்தகுதியையும் வளர்க்கும் கோச்சிங்கில் முதுகலை படிக்க விமானம் ஏறுகிறவருக்கு இதைவிட முக்கியமான தகவல் வேறு இல்லை. ஆனால் வெளிநாட்டுக் கல்விக் கண்காட்சிகளில் யாரும் இதை வாய்திறந்து சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விசா விதிகளை வரிவரியாக வாசித்தபோதுதான் கண்ணில் பட்டது.

இதன் நடைமுறை அர்த்தத்தைச் சொல்கிறேன். வகுப்பு நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். சரி, பக்கத்து ஜிம்மில் பெர்சனல் ட்ரெயினராகச் சேர்ந்து கைச்செலவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அங்கே பெர்சனல் ட்ரெயினர்களில் நிறையப் பேர் சுயதொழில் முறையில், ஜிம்முக்கு வாடகை கட்டி வேலை செய்கிறவர்கள். மாணவருக்கு அது சரிப்படாது. கிளப் ஒன்றுக்குச் சம்பளத்துக்குக் கோச்சாகப் போவதும் முடியாது. படிப்பின் அங்கமாக, மதிப்பெண்ணோடு சேர்ந்து வரும் களப்பயிற்சி, அதாவது பிளேஸ்மென்ட் மட்டும் தனிக் கணக்கு. அதனால் விண்ணப்பிக்கும் முன்பே பல்கலைக்கழகத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: பிளேஸ்மென்ட் கிரெடிட்டுக்குள் வருகிறதா, இல்லை நாமே தேடிக்கொள்ள வேண்டிய கூடுதல் வேலையா? பதிலை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சம்பளமில்லாத வேலைகூட அந்த 20 மணி நேரத்துக்குள் அடங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். எது தன்னார்வத் தொண்டு, எது சம்பளமில்லாத வேலை என்று சந்தேகம் வந்தால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் ஆலோசகரிடம் போய்க் கேட்பதே சரி. சீனியர் சொன்னார் என்று நம்பி இறங்குகிற விஷயம் இல்லை இது.

படித்து முடித்தபின் கிராஜுவேட் விசாவில் 2 ஆண்டு தங்கலாம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுகலை மாணவர்களுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. அந்த விசாவிலும் தொழில்முறை விளையாட்டு வீரருக்கான தடை தொடர்கிறது. குடியேற்ற விதியின் விளக்கத்தில் பயிற்சியாளரும் அதற்குள் வருகிறார். கல்விக் கடனை அங்கேயே ஒரு பெரிய கிளப்பில் கோச்சாக வேலை பார்த்து அடைத்துவிடலாம் என்பதுதான் திட்டம் என்றால், தயவுசெய்து இன்னொரு முறை யோசியுங்கள். நான் திரும்பி வந்து இங்கே பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்ற முடிவோடு போனேன். அதனால் எனக்கு அந்த வருடம் முழுக்கப் பயன்பட்டது.

நான் வாலிபால் ஆடியவள். தென் மாவட்டத்துப் பள்ளி, அப்புறம் விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னைக் கல்லூரி, உடற்கல்வியில் பட்டம். மிடில் பிளாக்கர். ஒரு ஆட்டத்தில் வலைக்கு மேலே அதிகம் எகிறுவது மிடில் பிளாக்கர்தான். முழங்கால் முதலில் கெடுவதும் அவளுக்குத்தான். அந்தக் காலத்தில் எங்கள் பயிற்சி என்றால் கிரவுண்டைச் சுற்றி ஓட்டம், பஸ்கி, மணலில் தவளைத் தாவல். வெயிட் தொட்டால் கால் கனத்துப்போய் ஜம்ப் குறைந்துவிடும் என்று எல்லோரும் நம்பினோம். ஆடுவதை நிறுத்தியபின் ஒரு அகாடமியில் ஃபிட்னெஸ் ட்ரெயினராகச் சில வருடங்கள் இருந்தேன். கையில் உடற்பயிற்சிகள் ஏராளம் இருந்தன. யாருக்கு எதை எவ்வளவு கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதற்கு அளவுகோல்தான் இல்லை. அதைத் தேடித்தான் போனேன்.

இந்தத் தொழிலே இளசானது. அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் 1969இல் பாய்ட் எப்லி என்பவரைக் கால்பந்து அணிக்கு ஸ்ட்ரெங்த் கோச்சாக அமர்த்தியது. அந்த அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் எடை தூக்கினால் உடம்பு இறுகிப்போய் வேகம் குறையும் என்று அங்கும் பயந்த காலம் அது. அவர்தான் 1978இல் என்எஸ்சிஏ என்ற எஸ் அண்ட் சி கோச்சுகளின் அமைப்பைத் தொடங்கினார். பிரிட்டனில் அதே மாதிரியான யுகேஎஸ்சிஏ அமைப்பு 2004இல்தான் வந்தது. நம்மூரில் நந்தனம் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் 1920இலேயே தொடங்கிவிட்டார். உடற்கல்விக்கு நமக்கு நூறாண்டு மரபு இருக்கிறது. ஆனால் எஸ் அண்ட் சி என்று தனியாக ஒரு வேலை இருப்பது நமக்குப் பரவலாகத் தெரிந்தது கிரிக்கெட் மூலம்தான். 2011 உலகக் கோப்பை அணியோடு இருந்த ராம்ஜி ஸ்ரீனிவாசன், அப்புறம் கோலி காலத்து அணியோடு இருந்த பாசு சங்கர், இருவருமே சென்னைக்காரர்கள். எனக்கு இதில் பெருமை உண்டு.

இங்கிலாந்தில் முதுகலைப் பட்டத்துக்கு 180 கிரெடிட். அதில் 60 ஆய்வேட்டுக்குப் போய்விடும். முழுநேரமாகப் படித்தால் ஒரு வருடம். லண்டனில் செயின்ட் மேரிஸ், மிடில்செக்ஸ், வெளியே லஃப்பரோ, ஸ்காட்லாந்தில் எடின்பரோ என்று பல இடங்களில் இந்தப் பாடம் இருக்கிறது. நான் படித்த இடத்தைச் சொல்லப்போவதில்லை; எங்கே படித்தாலும் பொருந்துவதைத்தான் எழுத விரும்புகிறேன். தேர்ந்தெடுக்கும்போது தரவரிசையை நான் பெரிதாகப் பார்க்கவில்லை. ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஜிம் தரையில் நின்று, வேறொருவர் பார்த்துத் திருத்த, பயிற்சி கொடுக்கப்போகிறோம் என்று கேட்டேன். தாவும்போது தரையில் விழும் விசையை அளக்கும் ஃபோர்ஸ் பிளேட்டை மாணவர்கள் தொடலாமா, இல்லை கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் காட்டுவார்களா என்று கேட்டேன். இந்தக் கேள்விகளுக்கு விவரமாகப் பதில் எழுதிய இடத்துக்குப் போனேன்.

போனதும் தெரிந்த முதல் விஷயம், வகுப்பில் இருந்த அந்த ஊர்ப் பிள்ளைகள் பதின்வயதிலிருந்தே பார்பெல் தூக்கியவர்கள். பளுதூக்கும் போட்டியின் ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் இரண்டையும் செய்து காட்டவும் வேண்டும், அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. கிளம்புவதற்கு முன் சில மாதங்கள் சென்னையில் ஒரு பளுதூக்கும் மாஸ்டரிடம் கற்றுக்கொண்டுதான் போயிருந்தேன். பழைய பிளாட்ஃபாரம், துருப்பிடித்த பிளேட், மாதத்துக்கு மிகக் குறைந்த கட்டணம். அவர் கற்றுக்கொடுத்த அதே முதல் இழுவையைத்தான் அங்கே பவுண்டில் கட்டணம் கட்டியவர்களும் கற்றார்கள். நமக்குப் பளுதூக்குதலில் நல்ல மரபு இருக்கிறது. 2014, 2018 காமன்வெல்த் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் வேலூர் சத்துவாச்சாரிக்காரர். ஊரிலேயே கிடைக்கிறதை ஊரிலேயே கற்றுக்கொண்டு போங்கள். அங்கே கிடைக்கும் நேரம் அங்கே மட்டும் கிடைப்பதற்குச் செலவாகட்டும்.

அங்கே மட்டும் கிடைத்தது என்ன? கேள்வி. பயிற்சித் திட்டம் ஒன்று எழுதி எடுத்துப்போனால், ஆசிரியர் பேனாவை வைத்து ஒரு வரியைத் தொடுவார். ‘ஸ்குவாட், 3 செட், 5 ரெப் (ஒரு செட்டில் 5 முறை). ஏன் 5?’ வலிமைக்கு என்று சொன்னால், ‘4 கொடுத்தால் வலிமை வராதா? இவளுக்கு இப்போது வலிமைதான் குறை என்று எப்படித் தெரிந்தது? எதை அளந்தாய்? 6 வாரம் கழித்து எது மாறினால் இது வேலை செய்தது என்பாய்?’ என்று அடுக்கிக்கொண்டே போவார். குரலில் கடுமை இருக்காது. ஆனால் விடமாட்டார். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணம் தப்பாக இருந்தால் அதைக் காட்டிக்கொடுக்க ஓர் அளவு இருக்க வேண்டும். முதுகலையில் நான் பெற்ற ஒரே பெரிய சொத்து இந்தப் பழக்கம்தான். உடற்பயிற்சிகளின் பட்டியல் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. அதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை.

முதல் பெரிய அசைன்மென்ட் தேவைப் பகுப்பாய்வு. ஒரு விளையாட்டை எடுத்து அது உடம்பிடம் என்ன கேட்கிறது என்று எழுத வேண்டும். நான் பெண்கள் வாலிபாலை எடுத்தேன். வலை 2.24 மீட்டர். பின்வரிசையில் பந்தைத் தடுத்து எடுக்கும் லிபரோ வலைக்கு மேலே அடிக்கவோ பிளாக் செய்யவோ போவதில்லை. மிடில் பிளாக்கர் பந்து வராத பக்கமும் சேர்த்து எகிறுகிறாள். இரண்டு பேருக்கும் ஒரே பயிற்சி கொடுப்பதில் என்ன நியாயம்? ஆடிய காலத்தில் இருவரும் ஒரே வரிசையில் நின்று ஒரே தவளைத் தாவலைத் தாவினோம். பழைய ஆட்டங்களின் வீடியோவை ஓடவிட்டு ஒவ்வொரு இடத்து ஆட்டக்காரியின் தாவல்களையும் கோடு போட்டு எண்ணினேன். சலிப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் எழுதிய திட்டம் வெறும் ஊகம் என்று அந்த வாரத்தில் எனக்கு விளங்கியது. ஊரில் இப்போது புதிய அணி ஒன்றை ஏற்றால் முதலில் செய்வது இதைத்தான். செலவு ஒரு நோட்டும் பேனாவும்.

ஃபோர்ஸ் பிளேட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மூர்ப் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். தரையில் பதித்த ஒரு பலகை. அதில் ஏறி, கையை இடுப்பில் வைத்து, அசையாமல் நிற்க வேண்டும். அந்த நொடியில் அது எடையைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் சட்டென்று கீழே இறங்கி மேலே எகிற வேண்டும். பலகை நொடிக்கு 1000 முறை விசையைப் பதிவு செய்கிறது. திரையில் ஒரு வளைவு வருகிறது: முதலில் ஒரு பள்ளம், பிறகு ஒரு மேடு, சில சமயம் இரண்டு மேடு, அப்புறம் காற்றில் இருக்கும் நேரம் முழுக்கச் சுழியம், கடைசியில் தரையிறங்கும்போது ஒரு கூர்முனை. ஒரே உயரம் எகிறுகிற இருவரின் வளைவுகளை அருகருகே வைத்துக் காட்டினார்கள். ஒருத்தி ஆழமாக உட்கார்ந்து நிதானமாக எகிறியிருக்கிறாள். இன்னொருத்தி கொஞ்சமாக மடங்கி டக்கென்று எகிறியிருக்கிறாள். வாலிபாலில் பிளாக் போட எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று தெரிந்தவளுக்கு அந்த இரண்டு வளைவும் இரண்டு வேறு மனிதர்கள். உயரத்தை மட்டும் சுவரில் சுண்ணாம்பு தடவி அளந்த காலத்தில் இந்த வித்தியாசம் எங்களுக்குத் தெரிய வழியே இல்லை.

ஆனால் அந்தப் பலகை இல்லாமல் வேலை நடக்காது என்று நினைக்க வேண்டாம். தாவல் உயரத்தைக் காற்றில் இருந்த நேரத்திலிருந்தே கணக்கிடலாம். நேரத்தை அதனாலேயே பெருக்கி, 9.81ஆல் பெருக்கி, 8ஆல் வகுத்தால் உயரம் மீட்டரில் வரும். காற்றில் 0.50 நொடி என்றால் சுமார் 30.7 சென்டிமீட்டர். 0.52 நொடி என்றால் 33.2. போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்து, கால் தரையை விட்ட சட்டத்திலிருந்து (ஃபிரேம்) தொட்ட சட்டம் வரை எண்ணினால் போதும். நொடிக்கு 30 சட்டம் எடுக்கும் சாதாரண வீடியோவில் ஒரு சட்டம் பிசகினால் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் தப்பு வரும். அது எதற்கும் உதவாது. 240 சட்டத்தில் ஒரு சட்டப் பிசகு அரை சென்டிமீட்டர்தான். இறங்கும்போது முழங்காலை மடக்கினால் காற்றில் இருக்கும் நேரம் பொய்யாகக் கூடும் என்பதை மட்டும் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இங்கேதான் புள்ளியியல் வருகிறது. உடற்கல்விப் பட்டம் முடித்த நம்மவர்கள் மிரளும் இடம். ஒரு பெண் திங்கட்கிழமை 31 சென்டிமீட்டர் எகிறினாள், ஒரு மாதம் கழித்து 32. முன்னேற்றமா? பயிற்சியே இல்லாமல் திங்களும் புதனும் அளந்தாலே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடக் குறைய வரும். தூக்கம், சாப்பாடு, வார்ம்அப், அளப்பவரின் கை எல்லாம் அதில் கலந்திருக்கும். காய்கறிக்கடைத் தராசு தானாகவே 50 கிராம் ஆடுகிறது என்றால் 30 கிராம் அதிகம் போட்டார் என்று யாரையும் பாராட்ட முடியாது. அதனால் முதலில் அளவின் ஆட்டத்தை அளக்க வேண்டும். அதைத் தாண்டி மாறினால்தான் மாற்றம். என் ஆய்வேடே இதைப் பற்றித்தான். ஜமோவி, ஜாஸ்ப் போன்ற புள்ளியியல் மென்பொருள்கள் இலவசம். கிளம்புவதற்கு முன்பே ஒன்றைத் தரவிறக்கி, சராசரி, திட்ட விலக்கம், நம்பக இடைவெளி இவற்றைக் கையில் பழகிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். ஆய்வுக்கு எத்திக்ஸ் அனுமதி வாங்கச் சில வாரங்கள் பிடிக்கும். கோடையில் கல்லூரி அணிகள் கலைந்துவிடும், ஆட்கள் கிடைக்கமாட்டார்கள். எனவே தலைப்பை முதல் பருவத்திலேயே முடிவு செய்யுங்கள்.

ஆய்வுக் கட்டுரைகளை வாசிக்கும் விதமும் மாறியது. என் முழங்காலைப் பற்றிய விஷயமே அதற்கு உதாரணம். தாவும் விளையாட்டுக்காரர்களுக்கு முழங்கால் சிப்பிக்குக் கீழே உள்ள தசைநாரில் வலி வரும். ஆஸ்திரேலியாவின் எபோனி ரியோவும் குழுவினரும் 2015இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள்: அசையாமல் காலை நீட்டிப் பிடிக்கும் பயிற்சியை 45 நொடி, 5 முறை செய்தால் வலி உடனே குறைகிறது என்று. உலகம் முழுக்கப் பிசியோக்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கட்டுரையைத் திறந்து பங்கேற்றவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால், 6 வாலிபால் வீரர்கள். ஆறு பேரும் ஆண்கள். ஆய்வு மோசம் என்று பொருளில்லை. அது கவனமாகச் செய்த ஆய்வு. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் அதே அளவு பலன் கிடைக்கவில்லை. இதை எப்படிப் பயன்படுத்துவது? நான் இன்றும் என் பெண்களுக்கு அதைக் கொடுக்கிறேன். ஆனால் முன்னும் பின்னும் வலியைப் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். குறைகிறவளுக்குத் தொடர்கிறேன், குறையாதவளுக்கு வேறு வழி பார்க்கிறேன். தசைநாரைத் தேற்றப் போவது மெதுவாகக் கூட்டப்படும் கனமான சுமைதான் என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறேன்.

படிப்படியாகச் சுமையைக் கூட்டுவது என்ற அந்தக் கருத்தும் மருத்துவமனையிலிருந்துதான் ஆய்வுக்குள் வந்தது. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்கு தாமஸ் டெலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் எடையைக் கூட்டிக்கூட்டிப் பயிற்சி கொடுத்து 1945இல் எழுதினார். கர்லாக்கட்டையில் சின்னதிலிருந்து பெரியதுக்குப் போகும் நம் வாத்தியார்களுக்கு இது கையில் இருந்த அறிவு. எழுதி, அளந்து, மற்றவர் சரிபார்க்கும்படி வைத்தது அவர் செய்த வேலை.

பிளேஸ்மென்ட் ஒரு ரக்பி அகாடமியில். 16 முதல் 18 வயதுப் பையன்கள். சிறார்களோடு பழகும் எவருக்கும் அங்கே குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, டிபிஎஸ் என்பார்கள், அது கட்டாயம். வெளிநாட்டவர் என்றால் நம் நாட்டுக் காவல்துறைச் சான்றும் கேட்கலாம். அதை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போனால் வாரக்கணக்கில் காத்திருப்பது மிச்சம்.

அந்த அகாடமியின் மூத்த கோச்சிடம் நான் கற்றது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. பையன்கள் வருவதற்கு அரைமணி முன்பே வந்து தரையை அடுக்கிவிடுவார். எந்த ரேக்கில் எந்த எடை, யார் எங்கே நிற்பது, யார் நகர்ந்தால் யாருக்கு இடிக்கும் எல்லாம் யோசித்து வைத்திருப்பார். பயிற்சி ஆரம்பித்தபின் அவர் பேசுவது மிகக் குறைவு. மூலையில், எல்லோரும் கண்ணில் படுகிற இடத்தில் நிற்பார். ஒரு பையன் தப்பாகத் தூக்கினால் உடனே பாயமாட்டார். அடுத்த ரெப்பையும் பார்ப்பார், மூன்றாவதையும் பார்ப்பார். அப்புறம் போய் ஒரே ஒரு வாக்கியம். அதுவும் உடம்பின் பாகத்தைச் சொல்லாமல் வெளியே உள்ள எதையாவது சொல்வார்: ‘தரையைத் தள்ளு’, ‘பாரைக் கூரைக்கு அனுப்பு’. கவனத்தை வெளியே வைத்தால் அசைவு நன்றாக அமைகிறது என்பதைக் கேப்ரியல் வுல்ஃப் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகளாக ஆய்ந்து எழுதியதை வகுப்பில் படித்திருந்தேன். அதை ஒரு பதினாறு வயதுப் பையனின் கிளீன் ஒரே ரெப்பில் மாறியதில் கண்ணாரப் பார்த்தேன். நம்மூரில் கோச் என்றால் ஓயாமல் கத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பு இருக்கிறது. நான் கத்துவதில்லை. நிர்வாகிகள் சிலருக்கு அது சோம்பலாகத் தெரிகிறது. நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

ஒவ்வொரு நாள் பயிற்சிக்கும் பிறகு குறிப்பு எழுத வேண்டும். என்ன நினைத்தேன், என்ன நடந்தது, அடுத்த முறை எதை மாற்றுவேன். ஆரம்பத்தில் மதிப்பெண்ணுக்காக எழுதினேன், இப்போது யாரும் கேட்காமலே எழுதுகிறேன்.

பெண் விளையாட்டுக்காரர்களைப் பற்றிய பகுதி எனக்கு மிக நெருக்கமானது. செலவழிக்கும் சக்திக்கு ஏற்பச் சாப்பிடாதபோது மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றும் போகும், எலும்பு பலவீனமாகும், காயங்கள் ஆறாது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இதை ரெட்-எஸ் என்ற பெயரில் விரிவாக்கி, ஆண்களுக்கும் இது வரும் என்று அறிக்கை வெளியிட்டது. வாசிக்கும்போது என் கல்லூரித் தோழிகளின் முகங்கள்தான் வந்தன. காலை 5.30க்கு வெறும் வயிற்றில் கிரவுண்டு. 8 மணிக்கு ஹாஸ்டல் மெஸ்ஸில் இட்லி தீர்ந்திருக்கும். பீரியட்ஸ் வரவில்லை என்றால் நல்லதுதான், மேட்சுக்குத் தொந்தரவு இல்லை என்று சிரித்தோம். எங்களுக்கு அதன் விலை தெரியாது, எங்கள் கோச்சுகளிடம் அதைச் சொல்லவும் முடியாது.

இன்று நான் பயிற்சி கொடுக்கும் பெண்களிடம் முதல் மாதத்திலேயே இதைப் பேசிவிடுகிறேன். பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழமாவது, பயிற்சி முடிந்ததும் முட்டையோ சுண்டலோ. மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. ஒரு பெண் தயங்கித் தயங்கி, “அக்கா, இதெல்லாம் உங்ககிட்ட சொல்லலாமா?” என்று கேட்டாள். இந்த வேலைக்கு இன்னும் நிறையப் பெண்கள் வர வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

அம்மாக்களின் கவலை வேறு. “வெயிட் தூக்குனா புள்ள உயரம் வளராதாமே, மேடம்?” வாரம் தவறாமல் வரும் கேள்வி. சரியான மேற்பார்வையில், சரியாகத் தூக்கும் முறையைக் கற்றுக்கொடுத்துச் செய்யும் எடைப்பயிற்சி வளரும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது, பயனுள்ளது என்று 2014இல் ஒரு சர்வதேச ஒருமித்த அறிக்கை வந்திருக்கிறது. நான் அறிக்கையைக் காட்டி வாதாடுவதில்லை. அம்மாவையே ஒருநாள் பயிற்சிக்கு வரச் சொல்கிறேன். மகள் வெறும் கம்பை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்து எழுவதைப் பார்த்தால் பயம் தெளிந்துவிடுகிறது.

அங்கிருந்து கொண்டுவந்தவற்றில் அன்றாடம் உதவுவது மிக எளிய கணக்கு ஒன்று. பயிற்சி முடிந்து அரைமணி கழித்து, ‘இன்னிக்கு எவ்வளவு கஷ்டம், பத்துக்கு?’ என்று கேட்பது. அதைப் பயிற்சியின் நிமிடங்களால் பெருக்குவது. கார்ல் ஃபாஸ்டர் என்ற விளையாட்டு அறிவியலாளர் பரப்பிய முறை. 120 நிமிடப் பயிற்சிக்கு 7 என்றால் 840. 60 நிமிடத்துக்கு 3 என்றால் 180. ஒரு வாரத்தைக் கூட்டினால் யாருக்கு எவ்வளவு சுமை விழுந்தது என்று தெரியும். நம் பிள்ளைகள் பள்ளி அணி, அகாடமி, கிளப், மாவட்ட அணி என்று நாலு இடத்தில் ஆடுகிறவர்கள். நாலு கோச்சும் தன் பங்கை மட்டும் பார்ப்பார்கள். கூட்டுத்தொகையைத் தாங்குவது ஒரு முழங்கால். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி மற்ற கோச்சுகளிடம் கொண்டுபோய்க் காட்டினால் பேச்சு வேறு மாதிரி நடக்கிறது. எல்லோரும் கேட்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். கேட்கிறவர்களின் அணியில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஓய்வு கிடைக்கிறது. அதிகபட்ச எடையைச் சோதித்துப் பார்க்கத் தயங்கும் இடத்தில் எப்லியின் பெயரிலேயே உள்ள சூத்திரம் கைகொடுக்கும்: தூக்கிய எடையோடு, அதை ரெப்பால் பெருக்கி 30ஆல் வகுத்ததைச் சேர்க்க வேண்டும். 60 கிலோவை 5 முறை தூக்கினால் ஒரே முறைக்கு ஏறக்குறைய 70 கிலோ.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுவோம். கட்டணம் தவிர, விசாவோடு சேர்த்து ஆண்டுக்கு 776 பவுண்டு என்ற கணக்கில் மருத்துவக் கட்டணம் கட்ட வேண்டும். அதிகபட்சம் 9 மாதத்துக்கான செலவுத் தொகை வங்கியில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். லண்டனுக்கு வெளியே படித்தால் வாடகையில் நிறைய மிச்சமாகும். திரும்பி வந்தபின், கிரிக்கெட்டைத் தவிர்த்தால், எஸ் அண்ட் சி கோச்சுக்கு மாதச் சம்பளம் கொடுக்கும் அணிகள் இங்கே குறைவு. நான் இரண்டு கல்லூரி அணிகள், ஒரு அகாடமி, அப்புறம் காயத்திலிருந்து மீளும் சில தனி ஆட்டக்காரர்கள் என்று சேர்த்துத்தான் வருமானம் ஈட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டை அடகு வைத்துத்தான் போக முடியும் என்றால், போக வேண்டாம் என்றே சொல்வேன்.

போகாமலும் இந்த வேலைக்கு வர வழி இருக்கிறது. சென்னைக்கு வெளியே மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. போரூரில் ஸ்ரீ ராமச்சந்திராவின் விளையாட்டு அறிவியல் மையம் இருக்கிறது. என்எஸ்சிஏ நடத்தும், எஸ் அண்ட் சி கோச்சுகளுக்கான சிஎஸ்சிஎஸ் சான்றிதழ்த் தேர்வை இந்தியாவிலிருந்தே எழுதலாம்; இளங்கலைப் பட்டமும் இதயம் நின்றவருக்குச் செய்யும் முதலுதவிக்கான சிபிஆர்/ஏஇடி சான்றும் வேண்டும். மொத்தம் 220 கேள்விகள், அறிவியல் அடிப்படை ஒரு தாள், நடைமுறை இன்னொரு தாள். நடைமுறைத் தாளில் வீடியோவைக் காட்டி அசைவில் என்ன பிழை என்று கேட்பார்கள். தகுதி விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன, பணம் கட்டும் முன் அவர்களுடைய தளத்தில் நேரடியாகப் பாருங்கள். இதை ஒரு வருடம் நல்ல கோச் ஒருவருக்குக் கீழே நின்று வேலை பார்ப்பதோடு சேர்த்துச் செய்தால், முதுகலைக்குப் போகிறவரைவிட நீங்கள் எந்த விதத்திலும் குறைந்தவர் ஆகமாட்டீர்கள்.

கட்டுரைகளுக்குப் பணம் கேட்கிறார்களே என்று பலர் கேட்கிறார்கள். கட்டுரையின் முதல் பக்கத்தில் ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கும். யார் நீங்கள், எந்த விளையாட்டுக்குப் பயிற்சி கொடுக்கிறீர்கள், எதற்காக வேண்டும் என்று நாலு வரி எழுதுங்கள். நான் எழுதியவர்களில் பெரும்பாலானோர் கட்டுரையை அனுப்பினார்கள். சிலர் அதோடு நிற்காமல், எங்கள் பெண்களின் எண்களைக் கேட்டுத் திருப்பி எழுதினார்கள்.